வேனை வீடாக்கும் வியாபாரம்: கணக்குப் பார்த்து இறங்குங்கள்

வாகனத்தை ஆள் ஏற்றவும் சாமான் ஏற்றவும் மட்டுமே உரியதாகப் பார்ப்பவர்கள் ஒரு வகை. அதனையே கடையாகவும் சமையலறையாகவும் படுக்கையறையாகவும் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. எமது நாட்டில் இந்த இரண்டாவது வகையினருக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. காலையிலும் மாலையிலும் பீத்தோவனின் இசையை ஒலிக்கவிட்டபடி ஒழுங்கைக்குள் வரும் சூன் பாண் முச்சக்கர வண்டி, பேக்கரியின் கண்ணாடி அலுமாரியைச் சுமந்து திரியும் ஒரு சிறு கடைதானே? தோட்டப் பகுதிகளுக்குச் சம்பள நாளில் புடவை கொண்டுசெல்லும் வேன், பின்கதவைத் திறந்ததும் ஜவுளிக் கடையாகிவிடுகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், கண்டி இராச்சிய காலத்தில் பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி மலைநாட்டுக்குப் போன தவளம் வியாபாரிகளில் எமது மூதாதையரும் இருந்தார்கள். வழியிலேயே சமைத்து, வழியிலேயே உறங்கி, வழியிலேயே வியாபாரம் செய்தவர்கள் அவர்கள்.

ஆகவே வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, மின்விசிறி எல்லாம் பொருத்தி அதனை நடமாடும் வீடாக்கும் 'கெம்பர் வேன்' என்ற விடயம் எமக்கு முற்றிலும் புதியதல்ல. புதியது என்னவென்றால், அதனை ஒரு தொழிலாக எடுத்துச் செய்யலாமா என்று எமது இளைஞர்கள் கேட்கத் தொடங்கியிருப்பதுதான். வாகன விற்பனையிலும் உள்வேலைக் கராஜிலும் இருபது வருடங்களுக்கு மேல் காலந்தள்ளியவன் என்ற முறையில், இந்தக் கேள்வி கடந்த ஒரு வருடத்துக்குள் பல தடவை என்னிடம் வந்துவிட்டது. அதற்கான பதிலை இவ்வாரம் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கின்றேன்.

எங்கிருந்து வந்தது?

1950ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வொக்ஸ்வேகன் நிறுவனம் இயந்திரத்தைப் பின்பக்கத்தில் வைத்து, முன்பக்கம் தட்டையான ஒரு பெட்டி வேனைச் சந்தைக்கு விட்டது. மறுவருடமே வெஸ்ட்பாலியா என்ற வண்டி கட்டும் நிறுவனம் அதற்குள் பொருத்தக்கூடிய கட்டில், அலுமாரி, மேசை அடங்கிய ஒரு தொகுதியைத் தயாரித்தது. அந்தத் தொகுதியின் சிறப்பு, தேவையானபோது வைத்துக்கொண்டு, தேவையில்லாதபோது கழற்றிவிடலாம் என்பதுதான். வார நாட்களில் சாமான் ஏற்றும் வேன், விடுமுறையில் வீடு. இந்தச் சிறிய விடயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அந்தப் பழைய வடிவ வேனை 2013ஆம் ஆண்டு இறுதி வரைக்கும் பிரேசிலில் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். ஜப்பானில் இதே எண்ணம் இன்னும் சிறிய அளவில் வளர்ந்தது. 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சீசீ என்ற எல்லைக்குள் அடங்கும் 'கெய்' வேன்களுக்குள்ளேயே இருவர் படுக்கும் வசதியைச் செய்து காட்டினார்கள். நாம் 'படி வேன்' என்று சொல்லும் சுசுகி எவ்ரி அந்த அளவைச் சேர்ந்ததுதான்.

இலங்கையிலும் சில நிறுவனங்கள் கெம்பர் வேன்களை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு வருகின்றன. முச்சக்கர வண்டியைத் தாமே ஓட்டி நாட்டைச் சுற்றும் பயணிகளையும் நீங்கள் வீதியில் கண்டிருப்பீர்கள். ஆகவே கேள்வி இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கேள்வி உங்களது முதலீட்டைத் தாங்குமா என்பதே பிரச்சினை.

ஒன்பது வருட உழைப்பு

எனது சகோதரியின் மகன் ஒன்பது வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு அண்மையில் வந்திருக்கிறார். கையில் ஒரு தொகை இருக்கிறது. திரும்பிப் போக மனமில்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒரு நாள் கராஜுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மாமா, ஒரு கேடிஎச் எடுத்து கெம்பர் ஆக்கினா என்ன? வெளிநாட்டுக்காரன் நாள் வாடகை நல்லாக் குடுக்கிறான் தானே."

"குடுக்கிறான்தான் மகன். வருசத்துல எத்தன நாளைக்குக் குடுப்பான்?"

"அது... சீசன்ல தொடர்ந்து ஓடும் மாமா."

"சீசன் இல்லாத மாசத்துல வேன் என்ன செய்யும்?"

அவரிடம் பதில் இல்லை. இதுவே இந்தத் தொழிலுக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களின் நிலை. வாடகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை நாள் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இருவரும் ஒரு தாளை எடுத்து எழுதினோம். அந்தக் கணக்கை அப்படியே கீழே தருகின்றேன். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்கானவை. உங்களது உண்மையான தொகைகளைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

வேன் விலையும் உள்வேலையும் சேர்த்து 80 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தின் பின்னர் அதனை 50 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால், தேய்மானம் 30 இலட்சம். அதாவது வருடத்துக்கு 6 இலட்சம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், டயர், திருத்த வேலை என்று வருடத்துக்கு 5 இலட்சம். இரண்டும் சேர்த்து 11 இலட்சம். இதற்கு மேலாக, அந்த 80 இலட்சத்தையும் வேறொரு ஒழுங்கான வியாபாரத்தில் போட்டிருந்தால் நூற்றுக்கு 8 வீதமாவது இலாபம் வந்திருக்கும் என்று எடுத்தால் 6 இலட்சத்து 40 ஆயிரம். ஆக, வருடத்துக்கு 17 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை அந்த வேன் உழைத்தால்தான் உங்களுக்கு நட்டமில்லை.

நாள் வாடகை 20,000 ரூபா. அதில் தரகு, கழுவுதல், மெத்தை உறை மாற்றுதல், காஸ் என்று 5,000 போனால் மீதி 15,000. 17 இலட்சத்து 40 ஆயிரத்தை 15 ஆயிரத்தால் பிரியுங்கள். 116 நாட்கள். நூற்றுப் பதினேழாவது நாளில்தான் இலாபத்தின் முதல் ரூபா உங்கள் கைக்கு வருகிறது. 60 நாட்கள்தான் ஓடியது என்றால் வருமானம் 9 இலட்சம். கையிலிருந்து போகும் 11 இலட்சத்துக்கே அது போதாது.

லீசிங்கில் எடுத்தாலென்ன, இஜாரா முறையில் எடுத்தாலென்ன, மாதத் தவணை மாதத் தவணைதான். வேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திகதி வந்துவிடும். எனவே தவணைக்கு எடுப்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

சுற்றுலாவை மட்டும் நம்பலாமா?

2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுடன் அந்த வருடம் அது 19 இலட்சமாகக் குறைந்தது. கொரோனா வந்த 2020இல் சுமார் 5 இலட்சம். 2021இல் 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2022இல் எரிபொருள் வரிசை. கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து அறுகம்பைக்குப் போகவே போதாது. பின்னர் நிலைமை சீராகி 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகப் பாதைகளை மீண்டும் முடக்கியது.

ஆறேழு வருடங்களுக்குள் எத்தனை அடி என்று பாருங்கள். இது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. சுற்றுலாத் துறை ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்திருக்கிறது. ஆனால் அது எழுந்து வரும்வரை நீங்கள் தாக்குப்பிடிக்க வேண்டுமே!

இதில் கெம்பர் வேனுக்கு ஒரு சாதகமும் உண்டு. தெற்கு, மேற்குக் கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை. ஹிக்கடுவையில் கட்டிய ஹோட்டலைத் தூக்கிக்கொண்டு அறுகம்பைக்குப் போக முடியாது. வேன் போகும்.

கழற்றக்கூடிய உள்வேலை

மேலே சொன்ன வெஸ்ட்பாலியா தொகுதிக்கு இப்போது திரும்புவோம். மருமகனுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். வேனை நிரந்தரமாக வெட்டி ஒட்டி வீடாக்க வேண்டாம். கட்டிலையும் சமையல் பெட்டியையும் பற்றரிப் பெட்டியையும் தனித்தனித் தொகுதிகளாகச் செய்து, தரையிலுள்ள ஆசனத் துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்குவோம். பயணி வந்தால் வீடு. பயணி இல்லாத மாதத்தில் இரண்டு மணித்தியாலத்தில் கழற்றி, ஆசனங்களைப் பூட்டி, கல்யாண ஹயருக்கோ குடும்பப் பயணத்துக்கோ விடலாம்.

மேலேயுள்ள கணக்கில் 60 நாள் கெம்பர் வாடகை 9 இலட்சம். அதற்கு மேலாக 100 நாட்கள் சாதாரண ஹயர் ஓடி, நாளுக்குச் செலவு போக 5,000 ரூபா மிஞ்சினால் இன்னுமொரு 5 இலட்சம். 14 இலட்சம் ஆகிவிட்டது. செல்வம் சேராவிட்டாலும் கைக்காசு போகாது. அத்துடன் நாளைக்கு விற்க நினைத்தால் சாதாரண வேனாகவே விற்கலாம். எமது சந்தையில் கெம்பர் வேன் வாங்க வருபவர் பத்தில் ஒருவரும் இல்லை. சாதாரண வேன் வாங்க எப்போதும் ஆள் உண்டு.

எந்த வேனை வாங்குவது?

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த இடைவெளியில் பழைய வேன்களின் விலை எங்கோ போய்விட்டது. விலை கூடிய காலத்தில் துருப்பிடித்ததற்கும் பெயின்ட் அடித்து விற்றுவிடுவார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கெம்பர் வேலைக்குப் பலரும் தேடுவது டொயோட்டா ஹயஸ். டொல்பினும் கேடிஎச்சும் உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும் வண்டிகள். எந்த ஊர் கராஜிலும் திருத்திக்கொள்ளலாம். நிசான் கரவனும் அவ்வாறே. சாதாரண கேடிஎச்சின் உட்பக்க அகலம் ஒன்றரை மீற்றரைச் சுற்றித்தான் வரும். ஐந்தடி எட்டு அங்குல மனிதன் குறுக்காகப் படுக்க முடியாது. கட்டிலை நீளவாக்கில்தான் போட வேண்டும். தாழ்ந்த கூரையில் நிமிர்ந்து நிற்கவும் முடியாது. உயர்ந்த கூரையுள்ள வேனுக்கு அதிக விலை கொடுப்பதா, குனிந்து பழகுவதா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. வேனை மேலே தூக்கித் தரையின் அடிப்பக்கத்தையும் கூரை ஓரத்தின் தண்ணீர்க் கானையும் பாருங்கள். கரையோர ஊர்களில் ஓடிய வண்டிகளை உப்புக் காற்று உள்ளே தின்றிருக்கும்.

2. இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். பைனான்ஸ் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராகப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. வாகனத்தின் வகுப்பு, ஆசன எண்ணிக்கை, நிறை ஆகியவை பதிவுப் புத்தகத்தில் உள்ளன. இவற்றை மாற்றும் எந்த வேலைக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வேலை முடிந்த பின்னர் அல்ல, தொடங்குவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. காப்புறுதிக் கம்பனிக்கு இரண்டு விடயங்களை எழுத்தில் அறிவியுங்கள். ஒன்று, உள்வேலை செய்திருக்கிறது. இரண்டு, வாடகைக்கு விடப்படுகிறது. சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியுடன் வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால், இழப்பீடு கேட்டுப் போகும் இடத்தில் உங்களுக்கு வாய் இருக்காது.

5. ஓட்டப்போகும் வெளிநாட்டவரிடம் இலங்கையில் செல்லுபடியாகும் சாரதி அனுமதி இருக்க வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால் மட்டும் போதாது. இங்கு அதற்குரிய அங்கீகாரமோ தற்காலிக அனுமதிப்பத்திரமோ பெற வேண்டும். 2025இலிருந்து தற்காலிக அனுமதிப்பத்திரத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே பெறும் வசதி வந்திருக்கிறது.

நிறை என்ற எதிரி

வீட்டுக்கு அலுமாரி செய்யும் தச்சரை வேனுக்கு அழைத்தால் அவர் வீட்டு அலுமாரியையே செய்வார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள எட்டுக்கு நாலு பிளைவூட் பலகை ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. ஆறு பலகை போனால் 120 கிலோ. 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. பற்றரியும் வயர் வேலையும் 40 கிலோ. குளிர்சாதனப் பெட்டியும் மெத்தையும் இன்னொரு 40 கிலோ. ஆட்கள் ஏற முன்னரே 260 கிலோ ஏறிவிட்டது.

அதுவும் எல்லாவற்றையும் பின்சில்லுக்கும் பின்னால் அடுக்கினால் வேனின் முன்பக்கம் இலேசாகிவிடும். ஸ்டியரிங் பிடிமானம் குறையும். கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் எல்ல-வெல்லவாய பாதையிலும் இறங்கும்போது இந்த மேலதிக நிறை முழுவதையும் தாங்கப்போவது பிரேக்தான். மலைப்பாதையைக் கண்டிராத வெளிநாட்டுச் சாரதி பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவார். குறைந்த கியரில் இறங்க வேண்டும் என்பதைச் சாவி கொடுக்கும்போது வாயால் சொல்வதுடன், ஸ்டியரிங்குக்கு அருகில் எழுதியும் ஒட்டுங்கள். தண்ணீரையும் பற்றரியையும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் தாழ்வாக வையுங்கள். சட்டத்துக்கு அலுமினியமும், தட்டுக்கு 6 அல்லது 9 மில்லிமீற்றர் பலகையும் பாவித்தால் நிறை கணிசமாகக் குறையும்.

மின்சாரம்

பலரும் பணத்தை வீணாக்கும் இடம் இது. முதலில் தேவையை எழுதுங்கள். 12 வோல்ட்டில் இயங்கும் 45 வொட் குளிர்சாதனப் பெட்டி எமது வெப்பத்தில் நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வொட் மணி. 25 வொட் விசிறி பத்து மணித்தியாலம், 250. விளக்குகள் 50. தொலைபேசிகள், கணினி 100. மொத்தம் 940 வொட் மணி.

100 அம்பியர் மணி சாதாரண ஈய அமிலப் பற்றரியில் 1,200 வொட் மணி இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். அப்படியானால் பாவிக்கக் கிடைப்பது 600தான். அதே அளவு லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் 1,280 வொட் மணி. அதில் பெரும்பகுதியைப் பாவிக்கலாம். நிறையும் பாதிக்கும் குறைவு. விலை கூடினாலும் நீண்ட காலத்துக்கு அதுவே இலாபம். 300 வொட் சோலார் பெனல், நல்ல வெயில் நான்கரை மணித்தியாலம் என்று எடுத்து இழப்பையும் கழித்தால், ஏறக்குறைய 1,000 வொட் மணி தரும். தேவைக்கு அது போதும்.

"ஏசி வேணும்" என்பார்கள். 700 வொட் ஏசி எட்டு மணித்தியாலம் ஓட 5,600 வொட் மணி வேண்டும். மேற்சொன்ன லிதியம் பற்றரியில் ஐந்து! ஆகவே இரவில் ஏசி கேட்கும் வாடிக்கையாளரை மின்சார வசதியுள்ள தரிப்பிடத்துக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்கு வெள்ளைக் கூரை, கூரைக்கும் உட்தகட்டுக்கும் இடையில் தண்ணீர் ஊறாத ஃபோம், இரு பக்கமும் நுளம்பு வலையிட்ட ஜன்னல், சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூரை விசிறி ஆகியவை போதுமானவை. மெத்தைக்குக் கீழே முழுப் பலகை போடாமல் சட்டப் பலகைகளை இடைவெளி விட்டு அடியுங்கள். இல்லாவிடின் ஒரு மாரி காலத்துக்குள் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்து நாறிவிடும்.

வயர் விடயத்தில் விளையாட வேண்டாம். 1,000 வொட் இன்வேட்டர் முழுமையாக வேலை செய்யும்போது 12 வோல்ட் பற்றரியிலிருந்து 80 அம்பியருக்கும் மேல் இழுக்கும். வீட்டு வயரைப் போட்டால் அது உருகும். வேனுக்குள் உருகும் வயருக்கு அருகில் இருப்பது பஞ்சும் துணியும் பலகையும்தான். தடித்த வயர், பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ், ஸ்டார்ட் பற்றரியிலிருந்து பிரிக்கப்பட்ட தனி இணைப்பு ஆகிய மூன்றும் கட்டாயம்.

காஸ்

2021 இறுதியில் நாட்டின் பல வீடுகளில் நடந்த காஸ் விபத்துகளை நாம் மறந்திருக்கமாட்டோம். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில், அதாவது கட்டிலுக்குக் கீழே தேங்கும். எனவே சிறிய சிலிண்டராக இருந்தாலும், உட்பக்கம் முழுமையாக அடைக்கப்பட்டு, அடியில் வெளியே திறக்கும் துளையுள்ள தனிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

அதைவிட நல்ல வழி, அடுப்பையே வெளியே கொண்டுவருவது. ஹயஸின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் அதுவே மழைக்கு ஒரு கூரையாகிறது. இழுக்கக்கூடிய தட்டில் அடுப்பை வைத்து, வெளியே நின்று சமைக்கலாம். எமது குடும்பங்கள் வேன் பிடித்துப் பயணம் போகும்போது சட்டி பானையுடன் போய் மரநிழலில் சோறாக்குவது பழைய வழக்கம்தானே. கதவை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பை எரித்தால் உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்தாமல் யாருக்கும் சாவி கொடுக்கக்கூடாது.

எங்கே நிறுத்துவது?

வனஜீவராசிகள் மற்றும் வனப் பாதுகாப்புத் திணைக்களங்களின் காணிகளில் அனுமதியின்றி இரவு தங்க முடியாது. புத்தல-கதிர்காமம் போன்ற பாதைகளில் யானைகள் வாகனங்களை மறித்து உணவு தேடுவது தெரிந்த விடயம். வாழைப்பழம், அன்னாசி, நெல், உப்பு வாசனை உள்ள வேனுக்குள் ஆள் படுத்திருப்பது ஆபத்தானது. வாடகைக்கு விடும்போது எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்ற பட்டியலைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இந்த இடத்தில்தான் எமது வாசகர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருப்பதாக நான் நினைக்கின்றேன். பொத்துவில், கற்பிட்டி, கிண்ணியா, வெலிகம போன்ற ஊர்களில் பலருக்குக் கடலுக்கோ களப்புக்கோ அருகில் சிறு காணித் துண்டுகள் உண்டு. மதில், இரண்டு மின்விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சுத்தமான கழிவறையும் குளியலறையும், மின்சாரம் எடுக்க ஒரு பிளக், கழிவு நீரை ஊற்ற ஒரு குழி. இவ்வளவும் இருந்தால் அது ஒரு கெம்பர் தரிப்பிடம். பக்கத்து வீட்டிலிருந்து காலையில் இடியப்பமும் சம்பலும் கொடுத்தால் அந்த வீட்டுக்கும் ஒரு வருமானம். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியை மட்டும் ஒழுங்காகப் பெற்றுக்கொள்ளுங்கள். வேன் தேய்ந்து விலை குறையும். காணி அப்படியல்ல.

அதேபோல், தச்சு, குஷன், வயரிங், அலுமினிய வேலை தெரிந்த மூன்று நான்கு இளைஞர்கள் சேர்ந்தால் கெம்பர் தொகுதிகள் செய்து கொடுக்கும் கராஜ் ஒன்றை நடத்தலாம். வேன் வாங்குபவரின் பணத்தில் வேலை நடக்கும். அடுத்தவருக்கு நடமாடும் சாப்பாட்டுக் கடை, இன்னொருவருக்கு மீன் வண்டி என்று இதே திறமை பல வகையில் சோறு போடும்.

மருமகன் கடைசியில் முழுத் தொகையையும் வேனில் போடவில்லை. ஓரளவு பழைய டொல்பின் ஒன்றைக் கைக்காசுக்கே எடுத்தார். கழற்றக்கூடிய தொகுதியை எமது கராஜில் அவரும் சேர்ந்து நின்றே செய்தார். மீதித் தொகை பிள்ளைகளின் பெயரில் இருக்கிறது. வாடகைக்கு விட முன்னர் மனைவி பிள்ளைகளுடன் நான்கு இரவுகள் அதில் தங்கி வந்தார். வந்ததும் அவர் சொன்ன குறைகள் பதினொன்று. செருப்பு வைக்க இடமில்லை, ஈரத் துவாயைக் காயவைக்க வழியில்லை, இரவில் பிள்ளை எழும்பினால் காலால் தடவித் தேட ஒரு சிறு விளக்கு இல்லை. இவை எந்தப் படத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாதவை. பதினொன்றையும் ஒரு வாரத்துக்குள் சரிசெய்தோம்.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் எவருக்கும் எனது ஆலோசனை இதுதான். முதலில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து உங்கள் குடும்பத்துடன் மூன்று இரவுகள் தங்கிப் பாருங்கள். பின்னர் உங்களது 116 நாள் எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பின்னரும் மனம் துணிந்தால், பதிவுப் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு திணைக்களத்துக்குப் போங்கள். பலகை வாங்குவது அதற்குப் பிறகு.